ஸூலா, தூலா, ஹூலா?

கேள்வி: மகள் குடும்பம் டப்ளினில் இருக்கிறது. பேரன் பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் படிக்கிறான். கண்ணுக்கு என்ன சொல் என்று வீடியோ காலில் கேட்டால் ஒரு நாள் ‘ஸூல்’ என்கிறான், மறுநாள் ‘தூல்’, அப்புறம் ‘ஹூல்’. என்னைக் கேலி செய்கிறானா?
- ஒரு பாட்டி, தேனி

பதில்: திட்டிவிடாதீர்கள் அம்மா, மூன்றும் சரி. சொல் ‘ஸூல்’தான். ஐரிஷில் அது பெண்பால். ஆங்கிலத்தின் ‘தி’ போல அவர்களுக்கு ‘அன்’. அது முன்னால் வந்தால் இந்தப் பெண்பால் சொல்லின் தலையில் ஒரு தகரம் ஏறிக்கொள்ளும். ஸகரம் எழுத்தில் இருக்கும், வாயில் வராது: ‘அன் தூல்’. ‘என் கண்’ என்றால் ‘மொ ஹூல்’. முன்சொல் பட்டு அடுத்த சொல்லின் முதலெழுத்து மாறுவது நமக்கும் புதுசில்லை. கண்ணோடு சேர்ந்த நீர் ‘கண்ணீர்’ ஆகிறதே!

‘இரண்டு’ என்ற எண்ணுக்குப் பின்னும் அவர்கள் ஒருமைதான் போடுகிறார்கள், நாம் ‘ரெண்டு கண்ணு’ என்பது மாதிரி. ஆனால் ஒற்றைக் கண்ணுக்கு ‘லஹூல்’ என்பார்கள், நேர்ப்பொருள் அரைக்கண். ஜோடிதான் முழுசு, ஒன்று மட்டும் என்றால் பாதி! கைக்கும் காலுக்கும் இதே கணக்கு. போன மாதம் புரை எடுத்து எனக்கு ஒரு கண்ணைக் கட்டிவிட்டார்கள். டம்ளருக்குப் பக்கத்தில் மேஜை மேலேயே காபியை ஊற்றியபோது, அந்தக் கணக்கு நியாயம் என்றே பட்டது.

இதன் பிறப்பு இன்னும் அழகு. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் சமஸ்கிருதத்துக்கும் தாயான ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியில் சூரியனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது ‘ஸூல்’ என்பது மொழிநூலார் கருத்து. லத்தீன் ‘ஸோல்’, சமஸ்கிருத ‘சூர்ய’, வெல்ஷ் ‘ஹைல்’ எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவற்றுக்கெல்லாம் இன்னும் சூரியன் என்றே பொருள். ஐரிஷ்காரர்கள் மட்டும் அதை இறக்கி முகத்தில் பதித்துக்கொண்டார்கள். வானத்துச் சூரியனுக்கு ‘க்ரீஅன்’ என்று வேறு சொல். நாம் வடமொழியிலிருந்து வாங்கிய ‘சூரியன்’, உங்கள் பேரன் சொல்லும் கண்ணுக்குத் தூரத்துச் சொந்தம்.

இன்னொன்று. ‘தா ஸூல் அகம்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘என்னிடம் கண் இருக்கிறது’. அர்த்தம், ‘நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்’. நம் எதிர்பார்ப்பிலும் ஒரு ‘பார்’ இருக்கிறது, கவனித்தீர்களா? லீவுக்கு வருவதைப் பற்றி அவன் அடுத்த காலில் இழுத்தால், இந்த மூன்று சொல்லைப் போட்டுப் பாருங்கள்.