வட்டியில்லாத கடனும் தொட்டிலில் இருக்கும் மகளும்

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. கணவர் நான்காவது தலைமுறையாகக் கடலுக்குப் போகிறார். சொந்தமாக ஃபைபர் படகு இருக்கிறது. ஆவணியில் மகள் பிறந்தாள். பிள்ளை பார்க்க வந்தவர்கள் கொடுத்ததும் என் சேமிப்பும் சேர்ந்து 60,000 ரூபாய் இருக்கிறது. மாமனார் புது வலை வாங்கலாம் என்கிறார், அம்மா நகை வாங்கச் சொல்கிறார். எனக்கோ செல்வமகள் திட்டத்தில் மொத்தமாகப் போட ஆசை. மீன் வியாபாரியிடம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் நிற்கிறது, அதற்கு வட்டி கிடையாது. என்ன செய்யலாம்?

பதில்: மகளுக்கு என் வாழ்த்துகள். வட்டி கிடையாது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்தியது.

அட்வான்ஸ் வாங்கினால் மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. ஏலத்தில் போவதைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைகிறது, மாதம் 100 கிலோ போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 24,000 ரூபாய் போகிறது. 40,000 ரூபாய்க்கு இது 60% வட்டி! உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். கணவரோடு உட்கார்ந்து ஒரு மாத மீன்பாட்டை எழுதிப் பாருங்கள். செல்வமகள் திட்டத்தில் இப்போது கிடைப்பது 8.2%. எனவே முதலில் அட்வான்ஸை அடைத்துவிடுங்கள், அதுவும் முழுதாக. பாதி அடைத்தால் பிடி விடாது.

மீதி 20,000. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. உங்களுக்கு அடுப்பு அணைகிற காலம் ஐப்பசி, கார்த்திகை. அதற்காக 19,000 ரூபாயை உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வையுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மறுபடியும் அதே வியாபாரி வீட்டுத் திண்ணைதான்.

உங்கள் பெயரில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலில் காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருதுவதற்குப் பொதுவாக 7 ஆண்டுகள் ஆகும், அதுவரை அவர் பெயரிலுள்ள பணத்தை எடுப்பது சிரமம். பிள்ளை பிறந்த வீட்டில் பேசக் கூடாத பேச்சுதான், மன்னியுங்கள். கணவருக்கு வங்கியிலேயே 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் போடுங்கள். ஒவ்வொன்றும் 2 லட்சம், இரண்டும் ஆண்டுக் கட்டணம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் 5 லட்சம் ரூபாய் குழு விபத்துக் காப்பீட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

கடைசி 1,000 ரூபாயோடு பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போங்கள். செல்வமகள் கணக்கில் வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே போதும், மாதாமாதம் கட்ட வேண்டும் என்றில்லை. நல்ல பாடு கிடைத்த வாரம் 500, ஆயிரம் போடுங்கள். வருடம் 12,000 சேர்ந்தால், இதே வட்டி நீடிக்கும் பட்சத்தில், 21 ஆண்டுகளில் ஐந்தரை லட்சத்தைத் தாண்டும்.

நகையை இப்போதைக்கு விடுங்கள். மாமனார் சொல்லும் வலை உண்மையிலேயே கிழிந்து தொழில் நிற்கிறதென்றால், மீனவர்களுக்கான கிசான் கடன் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வட்டி 7%, தவறாமல் கட்டினால் 4%. வங்கியில் இழுத்தடிப்பார்கள், மீன்வளத் துறை அலுவலகம் வழியாகப் போனால் கொஞ்சம் சுலபம். அட்வான்ஸை அடைக்கும்போது மாமனாரையும் கூட அழைத்துப் போங்கள், துண்டுச் சீட்டிலாவது கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.