பயம் தொற்றைப் பார்த்தா, ஊசியைப் பார்த்தா? (கொரோனா காலத்துக் கேள்வி-பதில்)

கேள்வி: எனக்குக் கீழ்த்தாடையில் ஞானப்பல் சாய்ந்து முளைத்து, ஈறு அடிக்கடி வீங்குகிறது. ஈறைக் கீறித்தான் எடுக்க வேண்டுமாம். கொரோனா நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றி வாயைத் திறந்துகொண்டு படுப்பதா என்று தேதியைத் தள்ளிக்கொண்டே வருகிறேன். வீக்கம் வந்தால் பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். அந்த நாற்காலியை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. தொற்று அடங்கும்வரை காத்திருக்கலாமா, டாக்டர்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காத்திருக்காதீர்கள். 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம், தொற்று பரவும் இடங்களில் அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் கடும் வலி, சீழ், வீக்கம் இவற்றுக்கான சிகிச்சையை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரை வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும். காரணமான பல் அங்கேயேதான் இருக்கும். இன்னொன்று, சீழ் பிடித்த ஈறில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. தள்ளிப்போட்டு, வலி முற்றிப்போய் வருகிறவர்களுக்குத்தான் நீங்கள் பயப்படுகிற அந்த வலி அதிகம். வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சுக்குழாயை அடைக்கிற அளவுக்கு அது போகலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளங்கை வியர்ப்பது கிருமியை நினைத்து அல்ல, நாற்காலியை நினைத்து. இந்தத் தொற்றுக் காலத்தில் என்னிடம் வருகிற பலருக்கும் இப்படித்தான், இரண்டு பயமும் பின்னிக் கிடக்கின்றன. தொற்றைப் பற்றிய பயத்தை வெளியே சொல்ல யாரும் கூசுவதில்லை. ஊசி பயத்தைச் சொல்லத்தான் வெட்கம். தயவுசெய்து அதைத்தான் முதலில் சொல்லுங்கள். பல் பயத்தை அளக்கவே ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. நாளை சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும்போது எப்படி, ஊசி போடும்போது எப்படி என்று கேட்கும். மொத்தம் 25க்கு 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்வோம். அளந்து பார்க்கிற அளவுக்கு இது மருத்துவ விஷயம், கோழைத்தனம் இல்லை.

தொற்றைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: நோயாளிகளுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்களா, அறையில் காற்றோட்டம் உண்டா, எச்சிலும் நீரும் தெறிக்காமல் இழுக்கும் உறிஞ்சுகுழாயை முழு நேரமும் வைத்திருப்பார்களா. இதையெல்லாம் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கவச உடை வந்த பிறகு எனக்கே ஒரு வருத்தம் உண்டு. முன்பு பயந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாலே பாதி பயம் போகும். இப்போது அவர்களுக்குத் தெரிவது என் கண் மட்டும், குரலும் அமுங்கிப்போகிறது. அதனால் உடை மாட்டும் முன்பே போனில் பேசிவிடுகிறேன். இடது கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்துவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஊசி குத்தும் இடத்தில் மரத்துப்போகும் ஜெல் தடவி, மருந்தை மெதுவாகச் செலுத்துவேன். மருந்தில் கலந்த அட்ரினலினால் இரண்டொரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். பலர் அதைப் பயம் முற்றிவிட்டது என்று நினைத்து எழுந்துவிடப் பார்ப்பார்கள். தானாக அடங்கிவிடும். உதடு தடித்தது போல ஆன பிறகுதான் கத்தியை எடுப்போம். அப்புறமும் அழுத்தம் தெரியும், பல்லை வெட்டும் சத்தம் மண்டைக்குள் கேட்கும். கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடலாம்.

கேள்வி: துணைக்கு யாரையும் உள்ளே விடுவதில்லை என்கிறார்கள். முன்பு ஒருமுறை ஊசி போட்டபோது மயங்கியிருக்கிறேன். வெறும் வயிற்றில் போகலாமா?

பதில்: மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போங்கள். பயமும் பசியும் சேர்ந்தால் மயக்கம் எளிதில் வரும். பழைய மயக்கத்தைச் சொல்லிவிட்டால் படுக்கவைத்தே ஊசி போடுவார்கள். பயத்தைத் தணிக்க மருந்து தருவதாக இருந்தால் அல்லது முழு மயக்கம் என்றால் கதை வேறு: எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது என்று அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். துணைக்கு வருபவர் வெளியே காத்திருந்தாலும் சரி, வீட்டுக்கு அழைத்துப்போக ஒருவர் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: கீழ் ஞானப்பல் எடுத்ததிலிருந்து நாக்கில் ஒரு பக்கம் சுவையே இல்லை. கொரோனாவாக இருக்குமோ?

பதில்: ஒரு பக்கம் மட்டும், மரத்தும் இருக்கிறது என்றால் நாக்கு நரம்பில் பட்ட அதிர்ச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்கு மாதங்களில் சரியாகும். எடுத்த மருத்துவரிடம் உடனே காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாசனையும் சேர்ந்து போயிருந்தால் அதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. அப்படியென்றால் தனித்திருந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மருத்துவமனைக்கும் போனில் சொல்லிவிடுங்கள்.