மழையிலும் குறி மாறாத ரைபிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கிப்ஸ்லாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறோம். குட்டி ஈனும் பருவத்தில் நரித் தொல்லை. முயல் ஆண்டு முழுக்க. மழையும் அதிகம். பி பிரிவு உரிமம் (அடிநடுவில் அடித்து வெடிக்கும் சென்டர்ஃபயர் தோட்டா ரைபிள்களுக்கானது) கிடைத்துவிட்டது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) நீங்கலாக 2,000 டாலருக்குள், கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் எந்த போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வாங்கலாம்? .22-250 தோட்டாவுக்கான ரைபிளை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர்.
– வாசகர், வாரகுல்

பதில்: முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள், துப்பாக்கி பிறகு. உங்கள் தேவைக்கு .223 ரெமிங்டன் போதும். அதன் 55 கிரெய்ன் (சுமார் 3.6 கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 990 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 200 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 100 கஜத்தில் 3.5 செ.மீ. மேலே படும்; 300 கஜத்தில் 18 செ.மீ. தாழும். ஆக, 200 கஜம்வரை எதையும் கூட்டிக் கழிக்காமல் நரியின் மார்பைப் பார்த்துச் சுடலாம். குழப்புவது காற்றுதான். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று அடித்தால் 200 கஜத்தில் குண்டு 10 செ.மீ. அளவுக்கு விலகும்.

.22-250 அதே குண்டை நொடிக்கு 1,120 மீட்டர் வேகத்தில் அனுப்பும். அதற்கு வெடிமருந்து கூடுதலாக எரிய வேண்டும். குழல் சீக்கிரம் சூடேறும். தோட்டா அறைக்கு முன்னால் உள்ள தொண்டைப் பகுதி விரைவில் தேயும். தோட்டாவின் விலையும் அதிகம். 300 கஜத்துக்கு அப்பால் பார்வை ஓடும் வெட்டவெளியில் அது பயன்படும். மேடும் பள்ளமுமான கிப்ஸ்லாந்தில் அந்த வேகத்துக்கு வேலை இல்லை.

ரைபிள் என்றால் எங்கள் முதல் தேர்வு டிக்கா டி3எக்ஸ் லைட் ஸ்டெயின்லெஸ். பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் தயாரிப்பது. .223-இல் அதன் குழல்வரி (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளம்) 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இலேசான குண்டு, கனமான குண்டு இரண்டையும் நிலையாகச் சுழலவைக்கும். குறையும் உண்டு. குழல் மெல்லியது. ஐந்தாறு குண்டுகளை அடுத்தடுத்துச் சுட்டால் சூடேறி, குண்டுகள் விழும் இடம் நகரத் தொடங்கும். நரிக்கு ஓரிரு குண்டு போதும் என்பதால் அங்கே இது பொருட்டில்லை. முயல் கூட்டத்தின் முன் உட்கார்ந்து தொடர்ந்து சுடுவதே முக்கிய வேலை என்றால் ஜப்பானிய ஹோவா 1500-ஐக் கனக்குழலோடு வாங்குங்கள். விலை பெரும்பாலும் டிக்காவைவிடக் குறைவு. ஆனால் ஸ்கோப்போடு சேர்ந்து நான்கு கிலோவைத் தாண்டும். வண்டியில் வைத்துச் சுட வசதி, தோளில் போட்டு மேடேற வசதியில்லை.

நுனியில் பிளாஸ்டிக் முனை வைத்த வார்மின்ட் (தொல்லை விலங்குகளைச் சுடுவதற்கான) குண்டையே வாங்குங்கள். அது பட்ட இடத்தில் சிதறிவிடும்; கல்லில் பட்டுத் தெறிக்கும் ஆபத்து குறையும். முழு உலோக உறை போட்ட குண்டு ஊடுருவிப் போய் விலங்கைக் காயத்தோடு ஓடவிடும். எந்தக் குண்டானாலும் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடக் கூடாது.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் என்று நம்பி வாங்கிய ரைபிளில் ஒரே குளிர்காலத்தில் துரு. எப்படி?
– வாசகர், வார்னம்பூல்

பதில்: ரைபிள் குழலுக்குப் பெரும்பாலும் 416 வகை எஃகைப் பயன்படுத்துகிறார்கள். கடைசலுக்கு இலகுவாக இருக்க அதில் கந்தகம் சேர்க்கப்படும். அந்தக் கந்தகமே துரு எதிர்ப்பைக் குறைக்கிறது. சமையலறைப் பாத்திரத்தின் 304 வகையோடு இதை ஒப்பிடவே முடியாது. உங்கள் ஊரின் கடற்காற்று, விரல் வியர்வை இரண்டிலும் உப்பு இருக்கிறது. அது புள்ளிபுள்ளியாகக் குழி பறிக்கும்.

இன்னொன்று: ஸ்டெயின்லெஸ் என்ற பெயர் குழலுக்கும், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பாகமான ஆக்‌ஷனுக்கும்தான். விசையின் உள்பாகங்கள், ஸ்பிரிங்குகள், ஸ்கோப் வளையத்தின் திருகுகள் பெரும்பாலும் சாதாரண எஃகு. துரு முதலில் தொடங்குவது அங்கேதான். அடுத்தது, குழலுக்கும் அதைத் தாங்கும் கட்டையான ஸ்டாக்குக்கும் இடையில் நீர் தேங்கும் அடிப்பக்கம். கண்ணில் படாததால் மாதக்கணக்கில் தெரியாது.

செராகோட் என்ற பீங்கான் கலந்த பூச்சு நல்லது. ஆனால் அது வெளிப்புறத்தை மட்டுமே காக்கும். சாதாரண எஃகுக் குழலின் மேல் பூசியிருந்தால் உட்குழல் வழக்கம்போலத் துருப்பிடிக்கும். ஈரமான ஊருக்கு ஸ்டெயின்லெஸ் குழலின் மேல் செராகோட் பூசியது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

கேள்வி: மர ஸ்டாக்கா, பிளாஸ்டிக்கா?

பதில்: ஈரத்தில் மரம் ஊதிக் குழலைப் பக்கவாட்டில் தள்ளும், போன வாரம் சரியாக இருந்த குறி இந்த வாரம் மாறும். பிசினில் ஒட்டிய மென்தகடுகளால் ஆன லாமினேட் மரம் அவ்வளவாக அசையாது, எடைதான் கூடுதல். பிளாஸ்டிக் நனைந்தாலும் மாறாது. ஆனால் மலிவு ரைபிள்களில் அதன் முன்பகுதி வளையும். கடையிலேயே சோதிக்கலாம். ரைபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்து, ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுனியிலிருந்து ஆக்‌ஷன்வரை இழுத்துப் பாருங்கள். பிறகு முன்பகுதியைக் கையால் குழலை நோக்கி அழுத்திக்கொண்டே மறுபடி இழுங்கள். காகிதம் சிக்கினால், பைபாட் (இருகால் தாங்கி) மாட்டிச் சுடும்போதும் ஸ்டாக் குழலில் இடிக்கும், குறி விலகும்.

கேள்வி: மழையில் நனைந்த ரைபிளை வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தோட்டாவை எடுத்து, போல்ட்டைக் கழற்றுங்கள். துணித் துண்டைத் தோட்டா அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ளி, காய்ந்து வரும்வரை மாற்றுங்கள். நன்றாக நனைந்திருந்தால் ஸ்டாக்கையும் கழற்றி அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் டிரைவரால் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் கருவி) முடுக்குங்கள். கைக்கணக்கில் முடுக்கினால் குறி மாறும். குழலுக்குள் எண்ணெய் மெல்லிய படலமாகப் போதும். அடுத்த முறை சுடுமுன் அதையும் துடைத்துவிடுங்கள், இல்லையேல் முதல் குண்டு வேறிடம் போகும். போல்ட்டுக்குள் எண்ணெயை ஊற்றாதீர்கள். குளிரில் அது கெட்டியாகி, தோட்டாவை அடிக்கும் ஊசியின் வேகத்தைக் குறைக்கும், தோட்டா வெடிக்காது.

ஃபோம் வைத்த பெட்டியில் ஈரத்தோடு மூடுவதுதான் மிகப் பெரிய தவறு. ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஓரிரவில் துரு படரும். பெட்டியிலிருந்து எடுத்து உலரவைத்த பிறகே பூட்டு அலமாரியில் வையுங்கள்.

மழையில் நடக்கும்போது குழல்வாயில் மின்கம்பி ஒட்டும் டேப்பை ஒரு சுற்று ஒட்டலாம். சுடும்போது குண்டுக்கு முன்னே வரும் காற்றே அதைத் திறந்துவிடும். குழலுக்குள் நீர் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால் சுடவே வேண்டாம். .22, .17 போன்ற ஒடுங்கிய குழலில் நீர் தானாக வடியாமல் நின்றுவிடும். அந்த நிலையில் சுட்டால் அழுத்தம் ஏறிக் குழல் வெடிக்கலாம். தோட்டாவை எடுத்து, போல்ட்டைத் திறந்து, வாயைக் கீழே சாய்த்து வடியவிட்டு, துணியால் துடைத்த பிறகே தோட்டா போடுங்கள்.

கேள்வி: ஏ பிரிவு உரிமம் (அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டா ரைபிள்களுக்கானது) மட்டுமே இருக்கிறது. அவ்வகைத் தோட்டாவான .17 எச்எம்ஆர் போதுமா?

பதில்: முயலுக்கு 120 மீட்டர்வரை அருமை. 17 கிரெய்ன் குண்டு என்பதால் காற்றில் எளிதாக விலகும். நரிக்கு என்றால் அருகில், அசையாமல் நிற்கும்போது மட்டும். முயலைச் சமைக்கும் எண்ணம் இருந்தால் தலையைக் குறிவையுங்கள். உடலில் பட்டால் குண்டு சிதறி இறைச்சி வீணாகும்.