பேய் போன வீடு

அன்புள்ள ஐயா,

நான் பல்லடத்துக்கு அருகில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் தூக்கமில்லாமலும் காரணமில்லாமல் அழுதுகொண்டும் இருந்தபோது மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். எங்கள் ஜெப வீட்டில் எனக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று சொல்லி மூன்று வெள்ளிக்கிழமைகள் விடுதலை ஜெபம் நடத்தினார்கள். மூன்றாவது வாரம் ஆறு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் போதகரை உதைத்துவிட்டேன். விடுதலை கிடைத்துவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்றார்கள். நிறுத்திவிட்டேன். உதைத்ததற்காகச் சபை முன்னால் மன்னிப்பும் கேட்டேன். இன்றும் டிரம் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது, ஜெபிக்க முழங்காலிட்டால் வார்த்தை வருவதில்லை. கொஞ்சம் குரல் உயர்ந்தாலும் அம்மா என் நெற்றியில் ஜெப எண்ணெயைத் தேய்க்கிறார். போன ஆவி ஏழு ஆவிகளோடு திரும்பி வரும் என்று மத்தேயு 12-ஐக் காட்டி எச்சரிக்கிறார்கள். அது திரும்பி வந்துவிட்டதா? பிசாசு உண்மையிலேயே உண்டா? நான் வேறு சபைக்குப் போகலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற மாதம் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் என் அத்தையின் அடக்கத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து எது என்னை விடாமல் பிடித்திருக்கிறதோ, அதையே உங்கள் கடிதமும் தொட்டது. ஆகவே உங்கள் ஒப்புதலோடு, ஊரின் பெயரை நீக்கிவிட்டு, இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் கடிந்துகொள்ள வேண்டியதைக் கடிந்துகொள்கிறேன். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தியது பெரிய தவறு. நிறுத்தச் சொன்னவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒருபுறம் இருக்கட்டும். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த மருத்துவரிடம் திரும்பிப் போகாத உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு நேராக மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைக்கலாம். எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள். டிரம் சத்தத்தில் கை நடுங்குவதற்குப் பிசாசைக் கூப்பிட வேண்டியதில்லை. ஆறு பேர் அழுத்திப் பிடித்த உடம்பு, அதே சத்தம் கேட்கும்போது அந்த இரவுக்கே திரும்பிப் போகிறது. மருத்துவத்தில் இதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

இரண்டாவது, உதைத்ததற்கு ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள்? மூச்சு முட்டப் பிடித்தால் ஆட்டுக்குட்டிகூட உதைக்கும். உங்களைச் சபை முன்னால் நிற்க வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அப்படிப் பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

1978-இல் எனக்குப் பதினொரு வயது. தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர் எங்களுடையது. அத்தையின் ஒன்பது மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்து, அவரைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். பகலெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், இரவில் எழுந்து வாய்க்கால் பக்கம் நடப்பார். நாங்கள் இரண்டு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்றாலும், முதலில் யாருக்கும் தெரியாமல் ஒரு கோடாங்கியிடம்தான் அழைத்துப் போனார்கள். அவர் உடுக்கை அடித்துப் பேயின் பெயரைக் கேட்டார். பிறகு வந்த ஜெபக்குழு கஞ்சிரா அடித்துப் பிசாசின் பெயரைக் கேட்டது. இறந்த குழந்தையின் பெயரை இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டு, வலது கணுக்காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தேங்காயெண்ணெய் வழிந்து வழிந்து பிடி நழுவியது. கொலுசைச் சேர்த்து இறுக்கியதில் அதன் முத்துகள் என் உள்ளங்கையில் பதிந்தன. அத்தை உதைத்ததில் என் மேலுதடு கிழிந்தது. அந்தத் தழும்பு இன்றும் மீசைக்குள் இருக்கிறது. விடியும் நேரத்தில் அவர் துவண்டு விழுந்ததும் எல்லோரும் தோத்திரம் சொன்னார்கள், காப்பி வந்தது, குழுவினர் முதல் பேருந்தில் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் அத்தை என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, "கண்ணு, ரொம்ப வலிக்குதா?" என்று உதட்டைத் தொட வந்தார். அப்பாவைப் பெற்ற ஆத்தா எங்கிருந்தோ ஓடி வந்து என் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனார். அத்தை நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டதை நான் திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டுக் குழந்தை எதையும் அவர் தானாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. குரல் உயர்ந்தால் "மறுபடியும் வந்துடுச்சா?" என்று கிசுகிசுப்பார்கள் என்பதால் குரலை உயர்த்தாமலேயே நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மாமா இறந்தபோதுகூடச் சத்தமாக அழவில்லை. சென்ற மாதம் கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் உறவினர் ஒருவர், "அன்னைக்கு ராத்திரி என்ன ஆட்டம் ஆடுனா!" என்று ஆரம்பித்தார். அத்தை தனியாளாக நின்று நடத்திய மஞ்சள் வெள்ளாமையைப் பற்றியோ, படிக்க வைத்த மூன்று பிள்ளைகளைப் பற்றியோ யாரும் பேசவில்லை.

உங்களை எச்சரிப்பவர்கள் காட்டும் வசனத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். மத்தேயு 12-இல் அந்த ஆவி திரும்பி வரும்போது வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாக இருக்கிறது. அந்தப் பகுதியை 45-ஆம் வசனத்தின் கடைசி வரி வரைக்கும் யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா? "அப்படியே இந்தப் பொல்லாத சந்ததியாருக்கும் சம்பவிக்கும்" என்று அது முடிகிறது. 38-ஆம் வசனத்தில் வேதபாரகரும் பரிசேயரும் வந்து அடையாளம் காட்டும்படி கேட்கிறார்கள். அந்தத் தலைமுறையைப் பார்த்து இயேசு சொன்ன உவமை அது. மதத் தலைவர்களை நோக்கிச் சொன்ன கண்டனத்தைப் பிடுங்கி, தூக்கமில்லாமல் தவித்த ஒரு பெண்ணின் தலையில் வைத்து, நீ கோபப்பட்டால் ஏழு வரும், சந்தேகப்பட்டால் ஏழு வரும் என்று நான்கு ஆண்டுகளாக மிரட்டுவதற்குப் பெயர் போதனை ஆகாது. வெறுமைதான் ஆபத்து என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் வீட்டை வெறுமையாக்கியது யார்? மருந்தை எடுத்தார்கள், ஜெபத்தை எடுத்தார்கள், கோபப்படும் உரிமையையும் எடுத்தார்கள். அந்த இடத்தில் எதை வைத்தார்கள்?

மாற்கு 5-இல் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் புத்தி தெளிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊரார் பயப்படுகிறார்கள். குணமானவனைக் கண்டு ஊர் பயப்படுவது அன்றைக்கே இருந்திருக்கிறது. இயேசு அவனைத் தம்மோடு வைத்துச் சாட்சி சொல்ல ஊர் ஊராக அழைத்துக்கொண்டு திரியாமல், உன் வீட்டுக்குப் போ என்று அவனுடைய இனத்தாரிடம் அனுப்புகிறார்.

திருச்சபைகள் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. எங்கள் வீட்டில் அது நடந்த அதே 1978-இல் ஜெர்மனியில் இரண்டு குருக்களும் ஒரு பெண்ணின் பெற்றோரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அன்னலீசு மிக்கேல் என்ற அந்தப் பெண் 67 பேயோட்டும் அமர்வுகளுக்குப் பிறகு, உணவும் நீரும் இல்லாமல் உடல் வற்றி, 1976-இல் 23 வயதில் இறந்துபோனாள். அவளுக்கு வலிப்பு நோய் இருப்பதாக மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். எளிதில் பேய் என்று நம்பிவிடாதே என்று கத்தோலிக்கரின் 1614-ஆம் ஆண்டுச் சடங்கு நூலே எச்சரிக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கைச் செய்யக் கூடாது. இங்கிலாந்துத் திருச்சபை 1975-இல் வகுத்த நெறிகளில் மருத்துவத்தோடு இணைந்து செய்ய வேண்டும், விளம்பரம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்பவற்றோடு, முடிந்த பிறகும் அந்த மனிதருக்கான மேய்ப்புப் பணி தொடர வேண்டும் என்பதும் ஒன்று. என் அத்தைக்கு வாய்த்தது முதல் பேருந்து. உங்களுக்கு வாய்த்தது எச்சரிக்கை.

பிசாசு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். எந்தப் பதில் வந்தாலும் உங்களைப் பிடித்த கைகள் மனிதக் கைகளே. சபை மாறுவதா என்பதை நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு முடிவு செய்யலாம். வார்த்தை வராவிட்டால் முழங்காலிட வேண்டாம். 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள். ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடியும் சங்கீதம் அது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள், அவர் பயந்துபோயிருக்கிறார். அடுத்த முறை எண்ணெய்ப் புட்டியை எடுத்தால் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "எனக்குக் கோபமுங்கம்மா, வேற ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லுங்கள். எதற்குக் கோபம் என்று அவர் கேட்கும்வரை கையை விடாதீர்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்