புடையன் கடித்து ஒன்பதாம் நாள் காய்ச்சல்: விஷம் மிஞ்சியிருக்கிறதா?

வவுனிக்குளப் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். காலபோக அறுவடையில் அவருடைய தந்தையாரின் காலில் முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பு கடித்தது. வைத்தியசாலையில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் பார்த்த பின்னரே விஷமுறிவு மருந்து ஏற்றினார்களாம். சுகமாகி வீடு திரும்பியவருக்கு ஒன்பதாம் நாள் காய்ச்சல், மூட்டு நோ, உடம்பெல்லாம் தடிப்பு. விஷம் முழுதாக இறங்கவில்லையா, விஷகடி வைத்தியரிடம் காட்டலாமா என்று கேட்கிறார்.

இது பெரும்பாலும் விஷத்தின் வேலையன்று, மருந்தின் பின்விளைவு. அவரை இன்றே அதே வைத்தியசாலைக்கு, அங்கே தந்த துண்டோடு கூட்டிச் செல்லுங்கள்.

அந்த 20 நிமிடத்தை வீண் தாமதமென்று நினைக்க வேண்டாம். புடையன் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதில்லை. மாறாக, இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான ஐந்தாம், பத்தாம் உறைதற் காரணிகளை ஒரேயடியாகத் தூண்டி, உடலெங்கும் நுண்ணிய உறைவுகளை உண்டாக்கி, உறைவுக்கு வேண்டிய பைபிரினோஜென் என்ற புரதத்தைத் தீர்த்துவிடுகிறது. பிறகு பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தாலும் அதை நிறுத்த எதுவும் மிஞ்சியிராது. நல்ல இரத்தம் சுத்தமான, உலர்ந்த கண்ணாடியில் 20 நிமிடத்துக்குள் உறையும். குழாயைச் சரித்தும் தண்ணீர் போல ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலைசெய்கிறது என்று பொருள். மருந்து விஷத்தைக் கட்டிய பின் ஈரல் அந்தப் புரதத்தை மீண்டும் ஆக்கச் சில மணி நேரம் எடுப்பதாலேயே, சோதனையை ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிச் செய்கிறார்கள். கால் வீக்கம் வேறு கதை: விஷம் சிதைத்த இழையங்களில் ஹிஸ்டமின் போன்றவை வெளிப்பட, இரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசிவதே அது.

இனிக் காய்ச்சல். விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் பிறபொருளெதிரி, அதாவது அந்நியப் பொருளை எதிர்க்க உடல் ஆக்கும் புரதம். நம் உடலுக்கு அதுவும் அந்நியப் புரதமே என்பதால் அதற்கெதிராகத் தன் பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. அதற்கு ஒரு கிழமையளவு செல்லும். இரண்டும் ஒட்டிய கூட்டுகள் மூட்டிலும் தோலிலும் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. ஒவ்வாமை மாத்திரையோ, தேவைப்பட்டால் சில நாள் பிரெட்னிசோலோன் என்ற அழற்சி தணிக்கும் மருந்தோ கொடுத்தால் அடங்கிவிடும்.

ஆனாலும் வயலில் நின்றவருக்கு எலிக்காய்ச்சலும் இதே நாட்களில் வரலாம். டெங்குவையும் தள்ளிவிட முடியாது. இரத்தம் சோதிக்காமல் வீட்டில் வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அதுவரை பனடோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், டைக்ளோபெனாக் வேண்டாம், அவை இரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டும். சிறுநீர் குறைந்தாலோ கறுத்துப் போனாலோ, விடியும்வரை காத்திராமல் இரவோடிரவாகவே கொண்டுசெல்லுங்கள்.