ஆங்கிலத்தில் 'ங்க' எங்கே இருக்கிறது?

பெங்களூரில் கால் சென்டர் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. "இங்கிலீஷ் தெரியும், ஆனால் பேசினால் கோபித்துக்கொள்கிறார்கள்" என்று இங்கிருக்கும் நம்மவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, டெஸ்டிங் வேலை): லண்டன் டீமில் இருப்பவரிடம் "சென்ட் மீ த ஃபைல் டுடே" என்றேன். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்துப் பேசுங்க" என்றார். இதில் என்ன பிழை?

பதில்: பிழை இல்லை, 'ங்க' இல்லை. உங்கள் மனதில் ஓடியது "அனுப்புங்க". அவர் காதில் விழுந்தது "அனுப்பு". ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'நீ'க்கு 'தௌ', 'நீங்க'ளுக்கு 'யூ' என்று இரண்டு இருந்தன. 'தௌ' வழக்கொழிந்து எல்லோரும் 'யூ' ஆகிவிட்டார்கள். மரியாதையை ஒட்டவைக்க விகுதியும் கிடையாது. அதனால் வாக்கியத்தையே வளைக்க வேண்டியிருக்கிறது. உத்தரவைக் கேள்வியாக்குவார்கள்: "குட் யூ சென்ட் மீ த ஃபைல் டுடே?" இன்னும் பவ்யம் வேண்டுமென்றால், "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்..." என்று இறந்தகாலத்துக்குப் போவார்கள். எப்போதோ யோசித்ததைச் சொல்வது போல இருப்பதால், முடியாது என்று சொல்ல எதிராளிக்கு இடம் கிடைக்கிறது.

கேள்வி (அதே நபர்): 'ப்ளீஸ்' சேர்த்தால் போதாதா?

பதில்: போதாது. "ப்ளீஸ் சென்ட் இட் பை ஃபைவ்" என்பது உத்தரவுக்குப் பொட்டு வைத்த மாதிரி. உத்தரவு உத்தரவுதான்.

கேள்வி (எச்.எஸ்.ஆர். லேஅவுட்): நான் 'குட் யூ', 'உட் யூ' எல்லாம் சரியாகத்தான் போடுகிறேன். ஆனாலும் வெளிநாட்டு கஸ்டமர்கள் நான் சண்டை போடுவதாக நினைக்கிறார்கள்.

பதில்: அப்படியானால் சிக்கல் ராகத்தில். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் (நம் கம்பர் அல்ல) 1982-ல் வெளியான தன் நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். பிரிட்டனின் ஒரு பெரிய விமான நிலையத்தில் ஊழியர் கேன்டீன். புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுசிடுப்பாக நடந்துகொள்கிறார்கள் என்று புகார். பதிவுசெய்து கேட்டால், அவர்கள் அதிகம் பேசவே இல்லை. இறைச்சி வாங்குகிறவரிடம் 'கிரேவி' என்று ஒரே ஒரு சொல். பிரிட்டிஷ்காரர்கள் அதைக் குரலை ஏற்றிச் சொல்வார்கள்: வேண்டுமா என்ற கேள்வி. இவர்கள் இறக்கிச் சொன்னார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் சாதாரணமாகக் கேட்கும் முறை. வாங்கியவர்கள் காதிலோ "இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று விழுந்தது. பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் இரு பக்கத்துக்கும் விஷயம் புரிந்தது.

நமக்கும் இதே கதைதான். தமிழில் "கிரேவியா?" என்றால் அந்த 'ஆ' கேள்வியைச் சுமந்துகொள்கிறது, குரல் ஏறாவிட்டாலும் கேள்வி கேள்விதான். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் பேசும்போது அந்த வேலையைக் குரல்தான் செய்ய வேண்டும். 'ஸாரி?' என்று ஏற்றினால் "என்ன சொன்னீர்கள்?", இறக்கினால் மன்னிப்பு. உங்கள் குரலை ஃபோனில் பதிவுசெய்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள். முதல் தடவை கேட்கும்போது கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

கேள்வி (அல்சூர், ஓய்வுபெற்றவர்): தமிழில் 'ப்ளீஸ்' என்ற சொல்லே இல்லை, நமக்கு மரியாதை போதாது என்கிறான் என் பேரன்.

பதில்: பேரனிடம் சொல்லுங்கள் ஐயா: மொழியில் பணிவு எப்படி இயங்குகிறது என்று பிரௌனும் லெவின்சனும் 1978-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு மூன்று மொழிகளை மையமாக வைத்தது. ஒன்று ஆங்கிலம், ஒன்று மெக்சிகோவின் செல்டால், இன்னொன்று கோவைப் பக்கத்துக் கிராமத்தில் பேசும் தமிழ். "கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்பதில் 'கொஞ்சம்' தண்ணீரின் அளவா என்ன? அந்தக் 'கொஞ்ச'மும் 'ஏ'னும் சேர்ந்தால்தான் 'ப்ளீஸ்'.

கேள்வி (மாரத்தஹள்ளி): "உட் யூ மைண்ட் வெயிட்டிங்?" என்று கேட்டார்கள். "யெஸ் யெஸ்" என்றேன். முகம் மாறிவிட்டது.

பதில்: "காத்திருக்க உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்பது கேள்வி. நீங்கள் "உண்டு, உண்டு" என்றிருக்கிறீர்கள்! "நாட் அட் ஆல்" சொல்லுங்கள்.

கேள்வி (ஜெயநகர்): ஃபோனை எடுத்ததும் "டெல் மீ" சொல்வது தப்பா?

பதில்: நம்மூரில் தப்பில்லை, 'சொல்லுங்க' என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டவரிடம் "யெஸ், கோ அஹெட்" என்று சொல்லிவிடுங்கள். அதுவும் ஏவல்தானே என்பீர்கள். ஆனால் கேட்பவருக்கு நன்மையாக இருந்தால் ஏவலும் உபசாரம்தான். "ஹேவ் சம் மோர்" என்று யாராவது சொன்னால் கோபம் வருமா?

கேள்வி (பெல்லந்தூர்): இவ்வளவு பணிவாக ஆங்கிலம் பேசியும் எங்கள் அப்பார்ட்மெண்ட் செக்யூரிட்டி முறைக்கிறார்.

பதில்: அவரிடம் எதற்கு ஆங்கிலம்? "ஸ்வல்ப கேட் ஓபன் மாடி" என்று சொல்லிப் பாருங்கள். 'ஸ்வல்ப' நம் 'கொஞ்சம்', 'மாடி' நம் 'செய்யுங்க'. வாய் தவறி 'மாடு' என்றுவிடாதீர்கள். கன்னடத்தில் அது ஒருமை. தமிழும் தெரிந்த செக்யூரிட்டி என்றால் இரட்டை அவமானம்.