ஒரு முறைகூடத் தேய்க்காத கார்டுக்கு 4,870 ரூபாயா?

(பணம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பதிலளிக்கும் பகுதி)

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 2023இல் ஒரு மாலில் நின்றிருந்த பையன் ‘லைஃப் டைம் ஃப்ரீ மேடம்’ என்று சொல்லி கிரெடிட் கார்டுக்குக் கையெழுத்து வாங்கினான். கார்டு வந்தது. கவரோடு பீரோவில் வைத்ததோடு சரி, ஒரு முறைகூடத் தேய்க்கவில்லை. ஓடிபி எதுவும் கொடுத்ததாகவும் நினைவில்லை. போன வருடம் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் என்று பில் வந்தது. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு ‘எடுத்துவிடுகிறோம்’ என்றார்கள். எடுக்கவில்லை. இப்போது 4,870 ரூபாய் என்கிறார்கள்.

கலெக்‌ஷன் ஏஜென்ட் ஒருவர் காலை ஏழு மணிக்கே போன் போடுகிறார். நான் எடுக்காவிட்டால் அலுவலகத்துக்கும், மளிகைக் கடையில் இருக்கும் அப்பாவுக்கும் அடிக்கிறார். ‘உங்க பொண்ணு மேல கேஸ் ஆகப்போகுது’ என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் லோக் அதாலத் நோட்டீஸ் ஒன்றும் வந்திருக்கிறது. ‘2,000 ரூபாயை என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடறேன்’ என்கிறார். அப்பா பயந்துபோய், கட்டிவிடு என்கிறார். கட்டிவிடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அதுவும் அந்த ஆளின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கில் அந்தப் பணம் வரவாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. நாளை வேறொரு ஏஜென்ட் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஒருவேளை வங்கிக்கே போய்ச் சேர்ந்தாலும் அதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கேட்ட தொகையில் பாதியைக் கொடுத்து முடித்த கணக்கு, சிபில் ரிப்போர்ட்டில் (உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கை) ‘குளோஸ்டு’ என்று வராது. ‘செட்டில்டு’ என்று வரும். கடன் கொடுப்பவர் அதை, முழுதாகக் கட்டாமல் விட்டவர் என்றுதான் படிப்பார். நான் பணியில் இருந்தபோது வீட்டுக் கடன் கேட்டு வந்த ஒரு தம்பதிக்குச் சம்பளம், பத்திரம், வில்லங்கம் எல்லாம் சுத்தமாக இருந்தன. கணவர் எப்போதோ சில ஆயிரம் ரூபாய் கார்டு பாக்கியை இப்படி முடித்திருந்த அந்த ஒற்றை வரியால் ஃபைல் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. உங்களுக்கு இளம் வயது. நீங்கள் வாங்காத கடனுக்கு அந்த வரி உங்கள் பெயரில் ஏறவே கூடாது.

ஏஜென்டோடு போனில் வாதாடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பில் சரியா தப்பா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. ‘இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கிறேன். உங்கள் பெயர், ஏஜென்சி பெயர், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் மூன்றையும் அனுப்புங்கள்’ என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அப்புறம் அவர் எப்போது, எந்த எண்ணிலிருந்து, யாருக்கு அடித்தார், என்ன சொன்னார் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அப்பாவையும் கடையில் ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். கஸ்டமர் கேருக்குப் போனில் சொன்னது காற்றோடு போய்விடும், மெயில் நிற்கும். நீளமாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“இந்தக் கார்டை நான் பயன்படுத்தவே இல்லை. ஆண்டுக் கட்டணம் கிடையாது என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. கீழ்க்கண்டவற்றை அனுப்பவும்: நான் கையெழுத்திட்ட விண்ணப்பம், அதனுடன் தர வேண்டிய கட்டண விவரத் தாள், கார்டு எந்தத் தேதியில் எந்த ஓடிபி மூலம் ஆக்டிவேட் ஆனது என்பதற்கான பதிவு, 4,870 ரூபாய்க்கு மாதவாரிக் கணக்கு. இந்தப் புகார் முடியும் வரை கணக்கை ரெகவரி ஏஜென்சியிடமிருந்து திரும்பப் பெறவும். கார்டை மூடவும்.”

இதில் ஆக்டிவேஷன் கேள்விதான் உயிர்நாடி. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு கார்டு விதிகளின்படி, கொடுத்து 30 நாட்களுக்கு மேல் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்கு வாடிக்கையாளரிடம் ஓடிபி மூலம் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் வராவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள், காசு எதுவும் கேட்காமல், கணக்கை மூட வேண்டும். ஆக்டிவேட் ஆகாத கார்டைப் பற்றி சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் கொடுக்கவும் கூடாது. நீங்கள் ஓடிபி தந்ததாக வங்கியால் காட்ட முடியாவிட்டால், அந்த பில்லுக்கு அடித்தளமே இல்லை.

காட்டிவிட்டால்? விண்ணப்பத்திலும் ஆண்டுக் கட்டணம் அச்சாகியிருந்தால்? அப்போது 499 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 588 ரூபாய் 82 காசு உங்கள் தலையில் விழக்கூடும். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனாலும் 588 ரூபாய் எப்படி 4,870 ஆனது என்று மாதவாரிக் கணக்கில் வரி வரியாகப் பாருங்கள். கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக்கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. தாமதக் கட்டணத்துக்கு வட்டி, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி, மொத்தத்துக்கும் மறுபடி வட்டி என்று ஏறியிருந்தால் அந்த வரிகளை அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்புங்கள். நியாயமாக நிற்கும் தொகை ஏதாவது இருந்தால் வங்கியின் ஆப் அல்லது கிளை வழியாகக் கட்டி, ‘பாக்கி இல்லை’ என்ற கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.

வங்கிக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஒப்பவில்லை என்றால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். சந்தேகங்களுக்கு 14448. செலவே இல்லை, வக்கீலும் வேண்டாம். வக்கீல் மூலம் கொடுத்தால் ஏற்கவே மாட்டார்கள்.

உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு மிரட்டியதுதான் எனக்கு மிகவும் கோபம் வந்த இடம். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் பாக்கிக்காகக் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, பொய் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே போட்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருக்கும் கணக்கை ஏஜென்சியிடம் தள்ளக் கூடாது என்பதோ 2008 முதல் இருக்கும் விதி. ஏஜென்ட் செய்வதற்கெல்லாம் வங்கிதான் பொறுப்பு. ஆகவே அந்த நோட்டுக் குறிப்புகளைப் படம் எடுத்து மெயிலோடு சேருங்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம், இதற்காக போலீஸ் வந்து கைது செய்யாது என்று அப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். மிரட்டல் எல்லை மீறினால் நீங்கள்தான் அந்த ஆள்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

அந்த லோக் அதாலத் நோட்டீஸை நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். மேலே தராசுப் படம், நடுவில் சிவப்பு எழுத்து, கீழே ஏஜென்டின் செல்போன் எண். வழக்கு எண் இல்லை, எந்த நீதிமன்ற வளாகம் என்றும் இல்லை. ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே காட்டிக் கேளுங்கள். உண்மையான நோட்டீஸாகவே இருந்தாலும் நடுங்க வேண்டியதில்லை. லோக் அதாலத் சமரசம் பேசும் இடம், நீங்கள் சம்மதிக்காமல் அங்கே எதுவும் முடிவாகாது. பெண்கள் என்ன வருமானம் இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம். அதற்கான எண் 15100.

கேள்வி: வீடு மாறியபோது பிராட்பேண்டை நிறுத்தச் சொல்லி, வந்த பையனிடம் மோடத்தையும் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கவில்லை. இப்போது மோடம் விலையும் சேர்த்து 1,750 ரூபாய் கேட்டு ஏதோ வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வருகிறது. இதற்கும் ரிசர்வ் வங்கியிடம் போகலாமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: முடியாது சார், இது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பக்கம். முதலில் நிறுவனத்தில் புகார் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதியுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022இல் தெளிவாக்கிவிட்டது. மோடத்தை வாங்க வந்த பையன் வழி கேட்டு அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்திருப்பார். அழைப்புப் பட்டியலில் அந்த எண் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதல் புகாரிலேயே சேர்த்துவிடுங்கள்.